ஆடிய ஹப்

என் மேல் ஒரு குற்றமும் இல்லை என்றுதான் ஷெட்டில் இருந்த எல்லாரும் சொன்னார்கள். சொல்லட்டும். அவர்களுக்கென்ன, வாயோடு போயிற்று. உறுத்துவது எனக்கல்லவா.

எழுபதுகளின் தொடக்கத்தில் புதுவாயல் கூட்டுரோட்டில் லாரி ஷெட் வைத்திருந்தேன். திருவள்ளூர் முதலாளி ஒருவரின் லாரி, இன்ஜினுக்குள் சுழலும் தண்டான கிராங்க் உடைந்து வந்து நின்றது. கம்பெனி கிராங்க் கிடைக்க மாதக்கணக்காகும் என்று, அந்த வண்டி டிரைவரையே மெட்ராசுக்கு அனுப்பி, டூப்ளிகேட் கிராங்க்கும் அதன் மூக்கு நுனியில் இறுக்கி மாட்டும் ஹப் என்கிற இரும்புக் குடமும் வாங்கிவரச் சொன்னார் முதலாளி. டிரைவர் பழவேற்காட்டுப் பக்கத்துக் குப்பத்துக்காரன். வலையை விட்டு ஸ்டியரிங் பிடித்தவன். இன்ஜினை இறக்கினால், அது மறுபடி உறுமும்வரை டிரைவர் ஷெட்டை விட்டுப் போகக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். சாமான் வாங்கப் போன நேரம் போக, அவனும் லாரிக்கு அடியிலேயே படுத்து, எங்களோடு நாஷ்டா தின்று, போல்ட்டெல்லாம் டீசலில் கழுவிக் கொடுத்தான்.

புதுக் கிராங்க்கைக் கயிற்றில் தொங்கவிட்டுச் சுத்தியலால் தட்டினேன். கணீரென்றது, விரிசல் இல்லை. பேரிங்கும் சரியாக உட்கார்ந்தது. ஹப்பை மூக்கில் வைத்தேன். அடித்து ஏற்றவேண்டிய சாமான், கையால் தள்ளியதும் தொளதொளவென்று உள்ளே போயிற்று. அடச்சீ என்றாகிவிட்டது. இப்படியே ஓட்டினால் ஹப்பைப் பூட்டியிருக்கும் சாவி என்கிற இரும்புத்துண்டு அறுந்து, ஹப் ஆடி ஆடி கிராங்க்கையும் தின்றுவிடும்.

டிரைவர் முகம் செத்துப்போயிற்று.

"மேஸ்திரி, பால் டப்பா தகட்ட வெட்டி உள்ள வெச்சி ஏத்திடேன். எல்லாரும் அப்டித்தானே பண்றாங்கோ. மொதலாளிக்குத் தெரிஞ்சா, டப்பு அடிச்சிக்கினு மட்டமான சாமான் வாங்கியாந்தேன்னு என் வேலைய புடுங்கிடுவாரு."

"தகடு வேலைக்கு வேற ஷெட்டப் பாரு. நடுரோட்டுல புட்டுக்கினா உன் உசுருக்கு யாரு பதில் சொல்றது?" என்று எரிந்து விழுந்தேன். பிறகு மனசு கேட்காமல், "கும்மிடிப்பூண்டி லேத்துல ஹப்புக்குள்ள டைட்டா ஒரு இரும்பு வளையம், புஷ் போட்டுக்கினு வந்துடலாம். பேஜாராவாத, யாருக்கும் தெரியாது" என்றேன்.

அந்த நேரம் பார்த்தா முதலாளி வந்து இறங்கவேண்டும்! "இன்னாய்யா, இன்னும் மாட்டலியா?" என்று ஹப்பைத் தானே பிடித்து அசைத்தார். ஆடியது. "இது ஆடலாமா மேஸ்திரி?" என்று என்னைக் கேட்டார்.

ஆடக்கூடாது என்றேன். வேறென்ன சொல்ல? "கடையில பாத்து வாங்கறவனுக்கு இது தெரியாதுங்க. ரெண்டையும் மாட்டிப் பாத்தாத்தான் தெரியும். இவன் மேல தப்பில்ல" என்றும் சொன்னேன். என் முதல் வார்த்தையோடு அவர் காதை மூடிக்கொண்டுவிட்டார். "வண்டி ரெடியானதும் வேற டிரைவர அனுப்பறேன். நீ உன் ஊட்டப் பாத்துப் போ" என்று அவனிடம் சொல்லிவிட்டுக் காரேறினார்.

பால் டப்பா ஷெட்டிலேயே கிடந்தது. அதை வெட்டிச் சொருகியிருந்தால் ஹப் அவர் கையில் ஆடியிருக்காது, அவன் பிழைப்பும் போயிருக்காது. என்றைக்கோ ஒருநாள் வழியில் உயிரே போயிருக்கலாம், அதுவும் உண்மைதான். இரண்டு பக்கமும் எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன், நிம்மதிதான் இல்லை.

அவன் கிளம்பிவிடுவான் என்று நினைத்தேன். கிளம்பவில்லை. "இன்ஜின எறக்கசொல்ல நான் இருந்தேன். ஏத்தசொல்லவும் நான்தான் இருப்பேன்" என்றான். புஷ் போட்டு வந்த ஹப்பை, சூட்டில் விரிந்து ஏறட்டும் என்று எண்ணெயில் காய்ச்சினோம். சுடச்சுட அதைக் குறட்டில் பிடித்துக்கொண்டு நின்றவன் அவன்தான். நான் அடித்து ஏற்றினேன். அவன் வேலையைப் பறித்த சாமானை அவனையே பிடிக்கவைத்து அடிக்கிறோமே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

புது டிரைவர் வந்து சீட்டில் உட்கார்ந்தான். என் கையால் கட்டிய இன்ஜின் பிடிக்கவே கூடாது என்று நான் வேண்டிக்கொண்டது அந்த ஒரு தடவைதான். பாழாய்ப்போனது, முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது.

பழையவன் பானெட்டருகே காதை வைத்துக் கேட்டான். "ஹப்பு கம்முனு ஓடுது மேஸ்திரி" என்றான். பிறகு மடியிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்தான். தன் கையால் வண்டியை ஏற்றி நசுக்குவதற்கென்று முன்பே வாங்கி வைத்திருந்தது, தோல் சுருங்கியிருந்தது. அதை முன்சக்கரத்தடியில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்று, புது டிரைவரைப் பார்த்துக் கைகாட்டினான்.

"ஏத்து நைனா."