சித்தியின் சட்டியில் ஒரு பீங்கான் புறா

நாங்கள் இன்னும் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த காலம். நாகர்கோவிலில் எங்கள் வீட்டுத் தோட்டத்தைப் பார்க்க வந்தவர்கள் சிரிப்பார்கள். அடுக்களைக்கும் கிணற்றுக்கும் நடுவே ஒரு கட்டில் போடுகிற இடம்தான். அதற்குள் உடைந்த சட்டியும் தகர டப்பாவுமாக அடுக்கி, சோற்றுக்கற்றாழை, ரணகள்ளி, விரல் பருமனில் ஏதேதோ கள்ளி என்று சித்தி ஒரு ராஜ்யமே நடத்தினாள். சித்தப்பாவுக்கு மலைத்தோட்டத்தில் வேலை என்பதால் அவள் எங்களோடுதான் இருந்தாள். சட்டி மண்ணின் மேல் கன்னியாகுமரியின் நிற மணலைத் தூவி, சிப்பி பதித்து, நீலப் புட்டித் துண்டுகளைச் சுற்றி நட்டு வைப்பாள். நான் கொண்டு போகிற கூழாங்கல் மட்டும் ஆகாது. என் சாமான் ஒன்றாவது அவள் சட்டியில் ஏற வேண்டும் என்று எனக்கு ஒரே வெறி.

ஈஸ்டருக்கு முந்தின நாள் சபையார் எல்லோரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் புல் பறித்துச் சுண்ணாம்பு அடிப்பது வழக்கம். சித்தி மட்டும் வருடாவருடம் தலைவலி என்று படுத்துக்கொள்வாள். அம்மா தாத்தாவின் கல்லறைக்கு வெள்ளையடித்தாள். காய்ந்த மாலை, உடைந்த சாடி எல்லாவற்றையும் பொறுக்கி வெளியே போடச் சொல்லி என்னை ஏவினாள். மதிலோரம் பெயர் எழுதாத சின்னச் சின்ன மண்மேடுகள். அந்தப் பக்கம் யாரும் சுண்ணாம்பு வாளியோடு போகவில்லை. அங்கே புல்லுக்குள் ஒரு பீங்கான் புறா கிடந்தது. எப்படியும் வெளியே போட வேண்டியதுதானே என்று பாவாடையில் முடிந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அதைக் கழுவி, பெரிய கற்றாழைச் சட்டியின் நடுவில் நிறுத்திவிட்டுச் சித்தியைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். முகத்தில் ரத்தமே இல்லை. தண்ணீர் கோர வந்த அம்மாவும் புறாவைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டு பெரியவர்கள் ஒரு பொம்மையைப் பார்த்து இப்படிப் பயந்து நான் கண்டதில்லை.

"ஏட்டி, அது சித்திக்க பிள்ளைக்க தலைமாட்டுல அவ தன் கையால வச்சதுல்லா," என்று அம்மா கையை ஓங்கினாள்.

சித்தி குறுக்கே வந்தாள்.

"விடுக்கா. ஆஸ்பத்திரியில இருந்து நேரே அங்கதானே கொண்டு போனிய. ஒரு நாளாவது அவன் வீட்டுக்கு வரட்டும்."

பிறகு இருவரும் கிணற்றடியில் உட்கார்ந்து அழுதார்கள். எனக்குத் தெரிந்து சித்திக்குப் பிள்ளையே கிடையாது. அடி தப்பிய ஆச்சரியத்தோடு நான் முன்வாசலில் போய் உட்கார்ந்தேன். இருட்டும்வரை, வரப்போகிறவன் யார் என்று தெருவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.