காந்தம் ஒட்டாத சட்டிகள்

கேஸ் தீர்ந்து தீர்ந்து அலுத்த வீட்டுக்கு இண்டக்‌ஷன் அடுப்பு வந்திருக்கிறது. காந்தம் ஒட்டும் பாத்திரம்தான் அதில் சூடாகுமாம். பிரிட்ஜ் கதவிலிருந்த காந்தத்தை எடுத்து வைத்துப் பார்த்தேன். அலுமினியக் கலம், மீன்சட்டி, பித்தளை உருளி, எதிலும் ஒட்டவில்லை.

கோட்டுகால் ஊரில் என் சிறுவயதில், அப்பா கடலிலிருந்து வந்து முற்றத்தில் தூண்டில் கயிற்றைச் சிக்கெடுப்பார். தூண்டிலின் இரும்பு முட்கள் மணலில் உதிர்ந்துவிடும். பழைய ரேடியோ ஸ்பீக்கரின் காந்தத்தைக் கயிற்றில் கட்டி முற்றம் முழுக்க இழுப்பார். கருமணல் மீசைபோல அப்பிக்கொண்டு வரும். அதற்குள் ஒரு முள் கிடக்கும். அவருக்குக் கண் சொக்கும்.

“இனியாவது போய்க் கிடந்து உறங்குங்க,” என்பாள் அம்மா.

“பிள்ளைக வெறுங்காலோட எறங்கும்லா,” என்பார். அவர் முடிக்கும்வரை நாங்கள் படியில் காலைத் தூக்கிவைத்து உட்கார்ந்திருப்போம்.

இன்று கடைசியில் இரும்புச் சீனச்சட்டியில் காந்தம் ஒட்டியது. ஆனால் அதன் அடி உருண்டை; அடுப்பில் நிற்காமல் ஆடியது. சலித்துப்போய்த் தரையில் உட்கார்ந்தேன்.

அடுக்களை மூலையில் தூங்கிவழிந்துகொண்டிருந்த வயதான அப்பா கண்விழித்து, என் கையிலிருந்த காந்தத்தைப் பார்த்தார். மெல்ல இரண்டு காலையும் நாற்காலிமேல் தூக்கிவைத்துக்கொண்டார்.

“எல்லா முள்ளும் கிட்டியாச்சா, மக்கா?”