கயிறு கட்டிய கையில் மாத்திரை

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். விழுப்புரத்தில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆதார் அட்டையின் இரண்டு பக்கமும் ஒரே பேப்பரில் வரவேண்டும் என்று ஒருவர் நாலாவது தடவை சொன்னால் மிஷினை நிறுத்திவிட்டு முறைத்துப் பார்ப்பேன். ஆகவே இதைச் சொல்லும்போது என்னை நல்லவளாகக் காட்டிக்கொள்ள நான் மெனக்கெடப் போவதில்லை. இது என் தம்பியின் கதை. அதைவிட, அவன் பெண்டாட்டியின் கதை.

தம்பி திண்டிவனத்தில் மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவன். கிணற்று மோட்டார் புகைந்துபோனால் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் அவனிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். நல்ல கை. அந்தக் கை நடுங்க ஆரம்பித்தது குடியால். குடியோடு கூடவே காதில் குரல்களும் வந்தன. எது முதலில் வந்தது என்று எங்கள் வீட்டில் இன்றுவரை யாருக்கும் தெரியாது. யாரோ தன்னைத் திட்டுகிறார்கள் என்பான். தண்ணீரில் எதையோ கலந்துவிட்டார்கள் என்று சொம்பை முகர்ந்து பார்ப்பான். குரல் அடங்குவதற்காகக் குடிப்பான், குடித்த மறுநாள் குரல் இன்னும் கூடும்.

மனநல மருத்துவர் ஒருவரிடம் கூட்டிப்போனோம். "முதல்ல குடிய நிறுத்தட்டும், அப்புறம் கூட்டிக்கினு வாங்க" என்றார். குடியை நிறுத்தும் இடம் ஒன்றுக்குப் போனோம். இரண்டாம் நாளே போன் வந்தது. "இவரு தனியா பேசிக்கினு கிடக்கிறாரு, மத்தவங்க பயப்படறாங்க. முதல்ல அதுக்கு வைத்தியம் பாத்துட்டு வாங்க." இவன் வந்தால் நான் வரமாட்டேன் என்று கல்யாண வீட்டில் இரண்டு பங்காளிகள் முறுக்கிக்கொள்வது மாதிரி இருந்தது. நடுவில் என் தம்பி கெட்டுக்கொண்டிருந்தான்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. இந்த மாதிரி ஆட்களைப் பூட்டி வைத்துப் பார்த்துக்கொள்ளும் இடம் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு, அதன் விண்ணப்பத்தை வாங்கி, என் மிஷினிலேயே இரண்டு காப்பி எடுத்து, நிரப்பியும் வைத்தேன். அவன் பெண்டாட்டியின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அவள் பேனாவை வாங்கவேயில்லை.

"பூட்டி வெச்சா யாரு வந்து திறப்பாங்க அண்ணி?" என்றாள்.

அவள் சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவியாளர். பத்தாவது வரை படித்தவள். வாய் பேசாத ஜாதி என்று நான் முதலிலேயே முடிவுகட்டி வைத்திருந்தேன். என் தம்பி குடிப்பதற்கு இவளுடைய சாமர்த்தியக் குறைவுதான் காரணம் என்று உறவுக்காரர்களிடம் சொல்லிக்கொண்டும் இருந்தேன். அவள் காதுபடவும் சொல்லியிருக்கிறேன்.

அவள்தான் ஒரு டாக்டரம்மாவைக் கண்டுபிடித்தாள். விழுப்புரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில், நான் தினமும் பஸ்ஸில் தாண்டிப் போகிற கட்டடத்திலேயே இருந்தார். சின்ன வயது. கழுத்தில் அடையாள அட்டை இல்லாவிட்டால் காலேஜ் பெண் என்று நினைத்திருப்பேன். அன்று காலையிலேயே குடித்துவிட்டு வந்திருந்த தம்பியைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை. நாங்கள் பழக்கதோஷத்தில் "முதல்ல குடிக்குப் பாக்கணுமா, மனசுக்குப் பாக்கணுமாம்மா?" என்று கேட்டோம்.

"ரெண்டும் ஒரே ஆளுக்குத்தானே வந்திருக்கு? அவர நான் பாதியா வெட்டியா பாக்க முடியும்? ரெண்டையும் சேர்த்தே பாப்போம்" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை நாள் இதை ஒருத்தர்கூடச் சொல்லவில்லையே என்ற ஆத்திரத்தில் வந்த அழுகை.

வார்டில் சேர்த்தார். திடீரென்று குடியை நிறுத்தினால் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், அதனால் கண்முன்னால் வைத்து நிறுத்தவேண்டும் என்று விளக்கினார். குரல்களுக்கும் மருந்து ஆரம்பித்தார். தினமும் அவன் கட்டிலில் உட்கார்ந்து, குரல் என்ன சொல்லியது, அப்போது என்ன செய்யத் தோன்றியது என்று இரண்டையும் சேர்த்தே கேட்பார். அனுப்பும்போது ஒரு நிபந்தனை போட்டார்.

"வீட்டுல மாத்திரை குடுக்க ரெண்டு கை வேணும். ஒருத்தர் இல்லாத நாளு இன்னொருத்தர் குடுக்கணும். அவர் நம்பி வாங்கிக்கிற கையா இருக்கணும். அது இல்லேன்னா வீட்டுல வெச்சுப் பாக்கறது கஷ்டம். நடுவுல குடிச்சிட்டாருன்னா மறைக்காதீங்க, அன்னிக்கே கூட்டிக்கினு வாங்க."

ஒரு கை அவள். இன்னொரு கை நான்.

நாலைந்து மாதம் நன்றாகப் போனது. பிறகு ஒரு சொந்தக்காரர் கருமாதிக்குப் போன இடத்தில் குடித்துவிட்டான். அவள் மறுநாள் காலையிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டாக்டரம்மா திட்டவில்லையாம். "இவ்ளோ ஜல்தியா வந்துட்டீங்களே, இதுவே பெரிய விஷயம்" என்றாராம். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. குடித்தவனைக் கொஞ்சுகிறார்களே என்று பொருமினேன்.

அந்தச் சமயத்தில்தான் அவளுடைய அம்மா வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டார். மரக்காணம் பக்கம் அவளுடைய தாய்வீடு. ஒரு வாரத்துக்குத் தம்பியை என் வீட்டில் விட்டுவிட்டுப் போனாள். அவன் துணிப்பையில் மாத்திரைகளை வைத்து, காலை எது, இரவு எது என்று அட்டையிலேயே பேனாவால் எழுதியிருந்தாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அன்றைக்கே அவனைக் கயிறு கட்டும் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். எங்கள் பக்கத்தில் குடியை நிறுத்த இது வழக்கம். சாமி முன்னால் கற்பூரம் அடித்துச் சத்தியம் வாங்கி, பூசாரி கையில் கயிறு கட்டுவார். கயிறு கையில் இருக்கும்வரை போதை எதையும் தொடக் கூடாது. இப்படி நிறுத்தினவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு, அதைக் குறை சொல்ல மாட்டேன். குற்றம் என்னுடையது. மாத்திரை போட்டால் அவன் கண் சொருகித் தூங்குவதைப் பார்த்திருந்தேன். இதுவும் ஒரு போதைதானே, கயிற்றுக்குத் தீட்டாகிவிடுமே என்று நானாக முடிவு செய்தேன். பூசாரியையும் கேட்கவில்லை, டாக்டரையும் கேட்கவில்லை. அவன் துணிப்பையிலிருந்து மாத்திரையை எடுத்து என் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை மூடினேன்.

அன்று இரவு, "மாத்திரை எங்கக்கா?" என்று கேட்டான்.

"உன் பொண்டாட்டி வைக்க மறந்துட்டா போல. விடு, அதான் கயிறு கட்டியாச்சே" என்றேன். யோசிக்காமல் வந்த பொய். பழியை யார் தலையில் போடுவது என்பதில் என் நாக்குக்கு நல்ல பழக்கம் இருந்தது.

நாலு நாள் அமைதியாக இருந்தான். ஒரு சொட்டுக் குடிக்கவில்லை. எனக்கு ஒரே பெருமை. ஐந்தாம் நாள் தூங்காமல் ஜன்னலோரம் நின்றான். ஆறாம் நாள் காலையில் நான் கடையைத் திறக்கும் நேரத்தில் காணாமல் போனான்.

மதியம் போன் வந்தது. விக்கிரவாண்டி டோல்கேட்டில் வேலை செய்கிறவர் ஒருவர், அவன் செல்போனில் என் நம்பரைப் பார்த்துக் கூப்பிட்டார். "உங்க தம்பி ஃபுல் போதைல வண்டிங்கள மறிச்சிக்கினு நிக்கிறாருங்க. ஒரே பேஜாரு. சீக்கிரம் வாங்க."

தம்பி பெண்டாட்டிக்குச் சொல்லிவிட்டு ஓடினேன். டோல்கேட் ஓரத்தில் நாலைந்து பேர் அவனைப் பிடித்து உட்கார வைத்திருந்தார்கள். சட்டை கிழிந்திருந்தது. யாரோ அடித்திருந்தார்கள். லாரி வரிசையைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தான். "எங்க அக்காவக் கொல்லப் போறாங்க! ஒரு வண்டியும் விழுப்புரம் போக விடாதீங்க!"

என்னைக் காப்பாற்ற வந்திருக்கிறான். மெட்ராஸ் பக்கமிருந்து வருகிற வண்டியெல்லாம் அங்கே நின்றுதானே ஆகவேண்டும், அங்கேயே மறித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறான். என்னை எதிரில் பார்த்தும் அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. கையில் கயிறு அப்படியே இருந்தது.

அவள் ஆட்டோ பிடித்து வந்து சேர்ந்தாள். கூட்டத்தை விலக்கி, நேராக அவன் வாயருகே முகத்தைக் கொண்டுபோய் முகர்ந்தாள்.

"இவரு குடிக்கல" என்றாள் சுற்றி நின்றவர்களிடம். பிறகு என் பக்கம் திரும்பினாள். "மாத்திரை குடுத்தீங்களா அண்ணி?"

நான் கைப்பையைத் திறந்தேன். அவள் எழுதிய அட்டை ஒன்றுகூடப் பிரிக்கப்படாமல் உள்ளே கிடந்தது. அதைப் பார்த்தாள், அவன் கையிலிருந்த கயிற்றைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அட்டையை வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டாள். அறைந்திருந்தால் தேவலாம் என்றிருந்தது.

டாக்டரம்மாவின் அறையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். தம்பி சுவரைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.

"எத்தனை நாளா மாத்திரை போடல? எப்படி விட்டீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார். அன்றுதான் அவர் குரலில் கடுமையைக் கேட்டேன்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள். "என் தப்புதாம்மா. அம்மாவுக்கு அடிபட்ட அவசரத்துல பையில வைக்க மறந்துட்டேன். அவருகூட அன்னிக்கே கேட்டாராம், அண்ணிக்குத் தெரியல."

என் பொய்யைத் தன் வாயால் அப்படியே சொன்னாள். நான் அவனிடம் சொன்னதை வழியில் எப்போதோ அவன் உளறலிலிருந்து பிடித்திருக்கவேண்டும். அவளுக்கு ஏச்சு விழுந்தது. தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சும்மா இருந்தேன்.

வராந்தாவுக்கு வந்ததும் அவள் கையைப் பிடித்து, ஏன் அப்படிச் சொன்னாய் என்று அழுதேன்.

"மறந்துட்டேன்னு சொன்னா டாக்டரம்மா என்னைத் திட்டுவாங்க, அவ்ளோதான். நீங்க எடுத்து மறைச்சீங்கன்னு உங்க தம்பிக்குத் தெரிஞ்சா உங்களப் பார்த்தே பயப்படுவாரு. அப்புறம் உங்க கையால தண்ணிகூட வாங்க மாட்டாரு. நான் வேலைக்குப் போற ஆளு, ரெண்டு கை இல்லாம இவர வீட்டுல வெச்சுக்க முடியாது அண்ணி. டாக்டரம்மாகிட்ட அப்புறமா தனியா சொல்லிடுவேன்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்க ஒண்ணு செய்யுங்க. கயிறு இருக்கே, மாத்திரை போட மாட்டேன்னு அவரு சொல்றாரு. அதுக்கு ஒரு வழி பண்ணுங்க" என்றாள்.

இத்தனை வருஷமாக இவளைச் சாமர்த்தியம் இல்லாதவள் என்று சொன்ன வாயை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது?

கயிற்றை அறுத்துவிடலாமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "வேணாம். ஒரு சொட்டுக் குடிக்காம இருந்திருக்காரே, அந்தக் கயிறும் நமக்கு வேலை செய்யுது. கட்டினவரையே கேளுங்க" என்றார். கோயிலுக்கு ஓடினேன். பூசாரி கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "நானே சுகருக்கு மாத்திரை போட்டுக்கினுதாம்மா பூசை பண்றேன். உன்னை யாரு நிறுத்தச் சொன்னது?" தம்பிக்குப் போன் போட்டு அவரிடம் கொடுத்தேன். "சாராயத்துக்குத்தான்பா கயிறு கட்டினேன், மருந்துக்கு இல்ல. டாக்டர் குடுக்கிறத சாமி பேரச் சொல்லி முழுங்கு" என்றார். அன்று மாலையே முழுங்கினானாம்.

அன்றே மறுபடி வார்டில் சேர்த்திருந்தார்கள், அவன் வீடு திரும்ப மூன்று வாரமாயிற்று. பூட்டி வைக்கும் இடத்தின் விண்ணப்பத்தைக் கிழித்துப் போட்டேன். இப்போது காயில் கட்டுகிறான். கை நடுக்கம் நின்றுவிட்டது. குரல் ஒரேயடியாகப் போகவில்லை. தூரத்தில் யாரோ ரேடியோ வைத்த மாதிரி கேட்கிறது, கண்டுகொள்வதில்லை என்கிறான். கயிற்றையும் மீறி நடுவில் ஒருமுறை குடித்தான், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அவள் தாய்வீட்டுக்குப் போகிற நாட்களில் நான் கடையைச் சாத்திவிட்டுத் திண்டிவனம் பஸ் ஏறுகிறேன். இன்னமும் சொம்புத் தண்ணீரை முகர்ந்துவிட்டுத்தான் குடிக்கிறான். என் கையிலிருந்து மாத்திரையை மட்டும் என்ன, ஏது என்று பார்க்காமலே வாங்கி வாயில் போட்டுக்கொள்கிறான். ஒவ்வொரு தடவையும் நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

போன மாதம் தாங்கமுடியவில்லை. இனிமேல் சொல்லலாம் என்று டாக்டரம்மாவும் தலையாட்டியிருந்தார். மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன். "டேய், அன்னிக்கி உன் பொண்டாட்டி மறக்கலடா. நான்தான் எடுத்து என் பையில வெச்சுக்கினேன்."

அவன் மோட்டாரிலிருந்து நிமிரவில்லை. "தெரியும்க்கா. நீ ஜிப் மூடினத பாத்துக்கினுதான் இருந்தேன்."

"அப்புறம் என்னை எப்படிடா நம்பின?"

"டாக்டரம்மா ரூம்ல அவ மறந்துட்டேன்னு சொன்னது காதுல விழுந்துது. அத்தனை சத்தத்துக்கு நடுவுலயும் விழுந்துது. அவ எதையாவது மறக்கிற ஆளா? உனக்காகத்தான் சொல்றான்னு புரிஞ்சுது. அவளே உன்ன விட்டுக்குடுக்கல. நான் எப்படிக்கா சந்தேகப்படறது?"

செம்புக்கம்பித் தூள் ஒட்டிய கையைத் துணியில் துடைத்துவிட்டு என் முன்னால் நீட்டினான். மணிக்கட்டில் கயிறு வெளுத்துப்போயிருந்தது. மாத்திரையை வைத்தேன். முழுங்கிவிட்டு, "பஸ்ஸு போயிடப் போவுது, கிளம்பு" என்றான்.