வெள்ளத்தில் கழற்றிய பெல்ட்

நான் அப்போதே சொன்னேன். இந்தப் புது எஞ்சின்கள் ஒருநாள் நல்ல மெக்கானிக் ஒருவனைக் கொண்டுபோகும் என்று... யார் கேட்டது?

இன்று காலை மகேந்திரன் போய்விட்டான். செங்கலடியில் கராஜ் வைத்திருந்த நம்ம மகேந்திரன்தான். நெஞ்சுவலி என்கிறார் டொக்டர்... நான் எஞ்சின் என்கிறேன்.

முப்பது வருடமாக, பின்னால் சாமான் ஏற்றும் என் கெப் வாகனங்களுக்கு அவன்தான் வைத்தியன். வாகரையிலிருந்து மீன் ஏற்றி வரும் என் தொழிலே அவன் கையால் ஓடியது.

என் பழைய கெப்பைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பொனட்டைத் திறந்தால் எஞ்சினுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் இறங்கி நிற்கலாம், கீழே நிலம் தெரியும். நான் உள்ளே குந்தியிருந்து பிளேன்டீ குடித்திருக்கிறேன்.

மாரியில் ரோட்டுக்கு மேலே வெள்ளம் பாய்ந்தால் நம்ம பக்கத்து டிரைவர்மாருக்கு ஒரு பழக்கம். ஃபேன் பெல்ட்டைக் கழற்றுவது, ரேடியேட்டருக்கு முன்னால் சாக்கைக் கட்டுவது, மெல்ல இறக்குவது... ஃபேன் சுற்றாது, தண்ணீரை எஞ்சின் மேல் வாரி அடிக்காது. அந்தப் பக்கம் ஏறியதும் ஐந்து நிமிடத்தில் பெல்ட்டை மாட்டிக்கொண்டு போய்விடுவோம்.

பிறகு புது டபுள் கெப் வாங்கினேன். பொனட்டைத் திறந்தால் ஒரு பிளாஸ்டிக் மூடி. அதைக் கழற்றினால் அடியில் இன்னொன்று... எஞ்சினைக் காணவில்லை.

மகேந்திரன் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "மச்சான், எஞ்சினயும் தந்தானுகளா, இல்லாட்டி படத்த மட்டும் தந்தானுகளா?"

ஹெட்லைட் பல்பு ஒன்று மாற்ற பம்பரைக் கழற்ற வேண்டும். டீசல் ஃபில்டரை மாற்றினால் கொம்பியூட்டருக்கு அறிவிக்க வேண்டும், இல்லாவிட்டால் கோபித்துக்கொண்டு லைட் போடும். இதை டிசைன் பண்ணினவன் வாழ்நாளில் ஸ்பனர் பிடித்திருக்க மாட்டான், எழுதித் தருகிறேன்.

இரண்டு மாரிக்கு முன் நடந்த வெள்ளக் கதை உங்களுக்குத் தெரியும், நானே நூறு தடவை சொல்லியிருக்கிறேன். வாகரை ரோட்டில் இடுப்பளவு தண்ணீர், முன்னால் ஒரு முதலை குறுக்கே போகிறது, பக்கத்து சீட்டில் மகேந்திரன்.

அவன் இறங்கி பெல்ட்டைக் கழற்றினான். "தொடாத மச்சான், இது பழசில்ல" என்று நான் சொல்லச் சொல்லக் கேட்கவில்லை.

புது எஞ்சினில் தண்ணீர் பம்ப், சார்ஜிங், ஏசி எல்லாம் ஒரே நீள பெல்ட்டில்தான் ஓடுகிறது. டாஷ்போர்டு முழுக்கக் கோயில் திருவிழா மாதிரி லைட்... நடு வெள்ளத்தில் நின்றுவிட்டது.

பெல்ட்டைத் திருப்பிப் போட அதற்கென்று தனி டூல் வேண்டுமாம். ஒரு பெல்ட்டுக்கு. டிரக்டர் வந்து இழுத்தது, ஒரு லோட் மீன் அழுகியது, கம்பெனிக்காரர்கள் மூன்று வாரம் வாகனத்தை வைத்திருந்தார்கள்.

செங்கலடிச் சந்தியில் கேட்ட எல்லாருக்கும் கதையைச் சொன்னேன். அதற்குப் பிறகு புது கெப் ஒன்றும் மகேந்திரனின் கராஜ் வாசலில் நிற்கவில்லை.

அவன் சும்மா இருக்கவில்லை. எஞ்சின் கோளாறைக் காட்டும் ஸ்கேனர் ஒன்று வாங்கினான், அதில் எந்த நம்பர் வந்தால் எந்தக் கோளாறு என்று கொப்பியில் எழுதி வைத்தான். கடைசிவரை அவனுக்குப் பிடித்துப் பார்க்கக் கிடைத்த ஒரே புது எஞ்சின் என்னுடையது.

கம்பெனிக்காரர்கள் இரண்டு முறை பார்த்தும் அணையாத லைட் ஒன்று என் கெப்பில் எரிந்துகொண்டே இருந்தது. மகேந்திரன் ஒரு சென்சரைக் கழற்றி, பழைய டூத் பிரஷால் கரியைத் தேய்த்து மாட்டினான். அணைந்தது.

"இதயும் சந்தியில போய்ச் சொல்லு மச்சான்" என்றான். ஓம் என்றேன்... சொல்லவில்லை.

இன்று அவன் மகள் போட்ட மரணச் செய்திக்குக் கீழே ஒருவர் எழுதியிருக்கிறார்: "தங்கமான மனுசன். புது வாகனம்தான் அவருக்குப் பிடிபடல்ல." அதற்கு லைக் வேறு.

அவன் மருமகன் அந்தக் கராஜை அதே பெயரோடு திரும்பத் திறக்கப் போகிறானாம். இப்படி எழுதினால் யார் வாகனத்தைக் கொண்டுபோவது?

அந்த ஆளோடு சண்டை பிடிக்க டைப் பண்ணினேன், அழித்தேன், திரும்பவும் டைப் பண்ணினேன்... அவருக்கு அதைச் சொன்னதே நான்தான்.

வெள்ளம் உண்மை. முதலையும் உண்மை, கொஞ்சம் சின்னது.

பெல்ட்டைக் கழற்றியது நான். "தொடாத மச்சான், இது பழசில்ல" என்றது அவன்.

சந்தியில் நான் சொன்ன கதை காதுக்குப் போன அன்று அவன் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்: "நான் கழட்டியிருந்தா, திருப்பிப் போடாம விட்டிருப்பனா?"

போயிட்டு வா மச்சான். நாளைக்கு உன்ர வீட்டுக்கு அந்தக் கெப்பிலதான் வாறன்... லைட் ஒண்டும் எரியல்ல.