பாதி இறங்கிய ஷட்டர்

வங்காளத்து டாக்குரியா ஸ்டேஷன் பக்கத்தில் இட்லி மாவும் கறிவேப்பிலையும் விற்ற அண்ணாச்சி திருநெல்வேலிக் கிறிஸ்தவர். ஒல்லி உடம்பு, காதில் செருகிய பென்சில். சாயங்காலம் ஏழு மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, மனைவி மகளோடு கடைக்குள்ளேயே பாய் விரித்துக் குடும்ப ஜெபம் செய்வார். அந்தப் பத்து நிமிடம் யார் வந்தாலும் வியாபாரம் கிடையாது. "கர்த்தருக்கு அப்புறம்தான் சார் கஸ்டமர்" என்பார்.

ஒருநாள் அரை மணி நேரமாகியும் ஷட்டர் ஏறவில்லை. வெளியே நாங்கள் நாலு பேர். எரிச்சலோடு குனிந்து பார்த்தேன். பைபிள் மூடியே கிடந்தது. பன்னிரண்டு வயது மகள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"இன்னுமா முடியல அண்ணாச்சி?"

"ஆரம்பிக்கவே இல்ல சார். காலையில பிள்ளைய அநியாயமா ஏசிட்டேன். மன்னிப்பு கேட்டும் அவளுக்கு ஆறல. அவ மனசு நொந்து இருக்கயில நான் எப்படி ஜெபம் பண்ண?"

மகள் திரும்பாமலே சொன்னாள்: "கஸ்டமர் முன்னாடிதானே திட்டினீங்க."

 அண்ணாச்சி எழுந்து வந்து, ஜெப நேரத்தில் ஒருநாளும் ஏறாத அந்த ஷட்டரை முழுசாக மேலே தள்ளினார். எங்களை ஒரு நிமிடம் நிற்கும்படி வங்காள மொழியில் கேட்டுக்கொண்டு, மகள் பக்கம் திரும்பிக் கைகூப்பினார்.

"அப்பா செஞ்சது தப்பும்மா."

அவள் பைபிளை எடுத்து அவரிடம் நீட்டினாள். ஷட்டர் மறுபடி பாதி இறங்கியது. நாங்கள் முணுமுணுக்காமல் நின்றோம்.

என் மகனுக்கு அப்போது இருபது வயது. அவனிடம் எந்தெந்தத் தப்புக்கு மன்னிப்புக் கேட்டிருக்கிறேன் என்று அங்கே நின்றபடி யோசித்தேன். ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை.