சும்மா கிடந்த லைன்கள்

ஆஷா ஆபரேட்டராக இருந்த பனியன் கம்பெனியில் டெலிபோன் லைன் நான்கு. பேச நினைக்கும் வாய்களோ நாற்பதுக்கு மேல். நூல்காரர், சாயப்பட்டறை, எம்ப்ராய்டரி என்று காலையிலிருந்தே எல்லோரும் வெளியே பேசிக்கொண்டிருப்பார்கள். செல்போன் வைத்திருந்தவர்கள் முதலாளியும் அவர் மகனும் மட்டுமே. ஒருநாள் ஜெர்மனி பையர் பொழுதெல்லாம் முயன்றும் லைன் கிடைக்காமல், ஆர்டரை வேறு கம்பெனிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். முதலாளி பழனிமுத்து மறுநாளே ஆள் வரவழைத்து இன்டர்காம் பெட்டிக்கு ஒரு கட்டுப் போட்டார்.

"இனி ஒரே நேரத்துல ரெண்டு பேருதான் வெளிய பேசோணும் அம்மிணி. மத்த ரெண்டு லைனு வர்ற போனுக்கு. பையர் கூப்புட்டு எங்கேஜ்டுன்னு வந்துச்சுன்னா உங்களைத்தான் கேப்பேன்."

மூன்றாவது ஆள் டயல் செய்தால் பெட்டி எங்கேஜ்டு சத்தம்தான் கொடுக்கும். ஆஷாவாலும் அந்தக் கட்டை அவிழ்க்க முடியாது. பேசிக்கொண்டிருப்பவருக்குக் குறுக்கே புகுந்து ஒரு வார்த்தை சொல்லலாம், இல்லையென்றால் ஒரு பொத்தானில் துண்டித்து, அந்த இடத்தை இன்னொருவருக்குக் கொடுக்கலாம், அவ்வளவுதான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் போல என்று மேனேஜர்கள் அவளைக் கேலி செய்தார்கள். பூசாரி படும் பாடு அவர்களுக்கு என்ன தெரியும்?

முதலாளி வீடு கம்பெனிக்கு மேல்மாடியில் இருந்தது. அந்த வீட்டு போனும் இதே பெட்டியில்தான் சேர்ந்திருந்தது. முதலாளியின் மனைவி குழந்தையம்மாள், தாராபுரத்தில் கட்டிக்கொடுத்த மகளோடு பேச உட்கார்ந்தால் லேசில் எழுந்திருக்க மாட்டார். ஆக, மொத்தக் கம்பெனிக்கும் மிச்சம் ஒரே ஒரு லைன். அதை முதலாளியிடம் சொல்லி யார் பூனைக்கு மணி கட்டுவது? ஆஷா நிச்சயம் கட்ட மாட்டாள். சாத்தான்குளத்துப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். புருஷன் ஜெபக்குமார் பஞ்சுத் தூசியில் நெஞ்சு கெட்டு வீட்டோடு கிடந்தான். இந்த நாற்காலி போனால் அடுப்பு எரியாது.

பங்குனி மாதம் ஒரு முற்பகலில் அந்த போன் வந்தது.

"மேடம், செக்கிங்ல வேல பாக்குற கருத்தம்மாவோட தம்பி பாண்டித்துரை பேசுறேன், கமுதிப் பக்கமிருந்து. அய்யா தவறிட்டாரு. அக்கா வருதுன்னா ராத்திரி வச்சிருக்கணும். ஐஸ் பெட்டி ஒண்ணுதான் இருக்கு, வேற ஊர்லயும் கேக்குறாக. வண்டிக்காரன் நிக்க மாட்டேங்குறான். உடனே இந்த பூத்து நம்பருக்குப் பேசச் சொல்லுங்க."

தொழிலாளிகளுக்கு போன் வந்தால், ஆள் வரும்வரை லைனைப் பிடித்துவைக்கக் கூடாது என்பதும் முதலாளி உத்தரவு. நம்பரை வாங்கிக்கொண்டு வைத்துவிட்டு ஆஷா செக்கிங் செக்‌ஷனுக்கு ஓடினாள். கருத்தம்மா அவளோடு ஒரே காம்பவுண்டில் குடியிருப்பவள், மதியச் சோற்றைப் பங்கு போட்டுக்கொள்பவள். அப்பா இறந்த செய்தி கேட்டு, சேலையில் ஒட்டிய நூல்பிசிறோடு வந்து மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான் வாரேன்னு சொல்லுக்கா. மொகத்தப் பாக்காம எடுத்துறாதீகன்னு சொல்லு."

ஆஷா டயல் செய்தாள். எங்கேஜ்டு. ஒரு லைனில் நூல் மேனேஜர் மில்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். இன்னொன்றில் குழந்தையம்மாள். பையருக்கென்று வைத்த இரண்டு லைனும் வைக்கோல்போர் நாயாய்ப் படுத்துக் கிடந்தன. வெளியே பூத்துக்கு அனுப்பலாமென்றால் கேட் பாஸில் கையெழுத்துப் போட வேண்டிய சூப்பர்வைசர் சாயப்பட்டறைக்குப் போயிருந்தார். கண்ணாடிக்கு அப்பால் இருந்த மேனேஜரிடம் ஜாடை காட்டினாள். அவர் ஒரு நிமிஷம் என்று விரலைக் காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

வீட்டு லைனைத் துண்டிக்கும் பொத்தான் விரலுக்கு அடியிலேயே இருந்தது. முதலாளியம்மா பேச்சில் குறுக்கே புகுந்தாலோ வெட்டினாலோ இந்தக் கம்பெனியில் எத்தனை நாள் இருக்க முடியும்? ஜெபக்குமாரின் இருமல் அவள் காதுக்குள் கேட்டது.

"லைன் இல்ல பிள்ள. இப்பக் கெடச்சிரும்" என்றாள்.

கிடைக்கவில்லை. மறுபடி டயல் செய்தாள், மறுபடியும் அதே சத்தம். கருத்தம்மா அழவில்லை, பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்கு மேல் அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் ஆஷா கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பொத்தானை அழுத்திவிட்டு டயல் செய்தாள்.

பாண்டித்துரைதான் எடுத்தான். "வண்டி இப்பத்தான் போச்சு மேடம். பெட்டி இல்லாம இந்த வெயில்ல எப்படி வக்கிறது? பொழுது சாய எடுத்துருவோம். அக்காவ மெல்ல வரச் சொல்லுங்க."

கருத்தம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அவளைப் பெண்கள் தாங்கிக்கொண்டு போன பிறகு மாடியிலிருந்து மணி அடித்தது.

"ஏங்கண்ணு, பேசிட்டிருக்கறப்பவே கட்டாயிப்போச்சு?"

ஆஷா நடந்ததைச் சொன்னாள்.

"அட சாமி! குறுக்க வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே வெச்சிருப்பனே கண்ணு. கொழம்பு வெக்கற கதையத்தான பேசிட்டிருந்தேன்."

மதியம் ஊருக்குப் புறப்பட்ட கருத்தம்மா, கேட் பக்கம் போகுமுன் ஆஷாவிடம் வந்தாள். வீங்கிய கண்ணோடு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ என்னக்கா செய்வ? லைன் இல்லாமப் போச்சு."

ஆமென்று தலையாட்டியிருந்தால் அதோடு போயிருக்கும். ஆஷாவால் ஆட்ட முடியவில்லை.

"லைன் இருந்துச்சு பிள்ள. மொதல்லயே குடுத்திருக்கலாம். நாந்தான் பயந்துட்டேன்."

கருத்தம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிடித்திருந்த கையை விட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு நடந்தாள்.