தருமபுரிக்குப் போகாத பண்டல்கள்

காலையில் சரக்குக் கிட்டங்கியைத் திறந்ததும் சோலைராஜ் அடுக்கின் அடிவரிசையிலிருந்து ஒரு தீப்பெட்டியை உருவுவார். ஒரு குச்சியை எடுத்து, மருந்துத் தலையைக் கீழுதட்டில் ஒரு கணம் வைத்துப் பார்ப்பார். ஜில்லென்றால் ஈரம் ஏறுகிறது. பசையில் காய்த்துப்போன விரல்கள் அதைச் சொல்வதில்லை. பிறகுதான் உரசுவார்.

கோவில்பட்டியை ஒட்டிய அவருடைய சின்னத் தீப்பெட்டி ஆபீஸில் செய்யும் சரக்கில் பெரும்பங்கு தருமபுரிக்கு, மொத்த வியாபாரி பானுவின் கடைக்குப் போகும். அந்த வருஷம் தீப்பெட்டி மீதான வரி குறையப்போகிறது என்று பேச்சு கிளம்பியது. எவ்வளவு, எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு சேனல் அடுத்த வாரம் என்றது. இன்னொன்று வரியை முடிவுசெய்யும் கூட்டமே தள்ளிப்போகும் என்றது. வாங்குகிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டார்கள்.

"பொறுங்கண்ணா," என்றார் பானு போனில். "பழைய வரியில எடுத்து வச்சு, மறுநாளே குறைச்சுட்டா நஷ்டத்த யார் தலையில கட்டறது?"

"எப்பம் வரும்னு நினைக்குதீங்க?"

"அத டெல்லியிலதான் கேக்கணும்."

பானுவின் இடத்தில் இருந்தால் சோலைராஜும் அதையேதான் சொல்லியிருப்பார். கோபப்படக்கூட ஆள் இல்லாததுதான் அவரைச் சோர்வாக்கியது.

பண்டல்கள் கூரையைத் தொட்டன. "இனி இங்கன இடமில்ல அண்ணாச்சி," என்றாள் லேபிள் ஒட்டும் தங்கமாரி. "என் தலையில வேணா ரெண்டு வச்சுக்கிடுதேன்."

"ஒன் தலைக்கும் வரி போட்டுருவான், பாத்துக்கோ."

பெண்கள் சிரித்தார்கள். எட்டயபுரம் பக்கம் மேகம் கறுத்துக் கிடந்தது.

சாயங்காலம் தங்கமாரி கேட்டாள்: "நாளைக்கு வரவா, வேண்டாமா?"

"சொல்லி விடுதேன்."

அவள் தூக்குவாளியோடு, எப்போதும் அங்கேயே விட்டுப்போகும் உட்காரும் பலகையையும் எடுத்துக்கொண்டாள்.

மழை இறங்கியது. வேலை நின்றுபோன பெண்கள் மிளகாய்க்காட்டில் களையெடுக்கப் போய்விட்டார்கள். சரக்கு நமத்துப்போவதற்குள் அனுப்பிவிட வேண்டும். சோலைராஜ் மறுபடி போன் போட்டார்.

"வரி எவ்வளவு குறையும்னு நீங்களே சொல்லுங்கம்மா. அதை என் விலையில குறைச்சுக்கிடுதேன். லோடு ஏத்தட்டா?"

பானு பேச்சை முடித்துவிட்டார்: "இப்ப வேண்டாம்ணா."

தன் பேச்சில் பானுவுக்கு நம்பிக்கை இல்லை என்று சோலைராஜ் எடுத்துக்கொண்டார். அது வரியைவிட அதிகமாக உறுத்தியது.

ஒருவழியாக வரி குறைந்தது. பானு பாதிச் சரக்குத்தான் கேட்டார். மீதியில் அடிவரிசை நமத்துவிட்டது. தங்கமாரிக்குச் சோலைராஜ் சொல்லியனுப்பவே இல்லை.

தை மாதம் ஒரு கல்யாணத்துக்குக் கோவில்பட்டி வந்த பானு, பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தபோதுதான் அன்று வேண்டாமென்றதன் காரணத்தைச் சொன்னார். எல்லாரும் வரிக்காகக் காத்திருந்த அந்த வாரங்களில் தருமபுரிப் பெட்டிக்கடைகளில் தீப்பெட்டி தீர்ந்துபோயிருந்தது. கடைக்காரர்கள் அந்த இடத்தில் பிளாஸ்டிக் லைட்டர் அட்டைகளைத் தொங்கவிட்டார்கள். சோலைராஜ் விலையைக் குறைப்பதாகச் சொன்ன அன்றைக்கே அவை தொங்கிக்கொண்டிருந்தன.